புள்ளி தெரியாத பிலிம்

தெருவில் அந்தப் போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு 'அசையாதே' என்றுதான் பெயர். அவர் ஆசைப்பட்ட பிலிமுக்கு அவசரம் ஆகாது. வெளிச்சம் தாராளமாக வேண்டும், எதிரே இருப்பவர் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பலன் உண்டு. படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாக உடையாது, காது மடலின் பூனைமயிர்கூடத் தெரியும். என்ன செய்வது, கம்பெனி அந்தப் பிலிமையே நிறுத்திவிட்டது. மிஞ்சிய ஒற்றைச் சுருள் வீட்டு ஃப்ரிட்ஜில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் குடியிருந்தது.

"ஊரையே எடுத்தீங்க. என்னை எப்ப எடுக்கப்போறீங்க?" என்பாள் தையல்கார மனைவி.

"அந்தச் சுருள் உனக்குத்தான். நல்ல வெயில் வரட்டும்."

வெயில் வந்து வந்து போனது. விஷயம் வேறு. சில மாதமாக அவர் கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனால் 'இனிமேல் கேமராவைத் தொடாதே' என்று சொல்லிவிடுவாரோ என்று மனிதருக்கு உள்ளூர நடுக்கம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் புதுப் போனில் அக்காவைப் பிடித்துக் காட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முகத்துக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே. மோவாய்த் தழும்பு எங்கடா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் போனே எடுத்துடும்க்கா. இனிமே எல்லாப் படமும் இப்படித்தான். மாமா பிலிமெல்லாம் எதுக்கு?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போன் நல்லா வரட்டும்டா, யாரு வேணாம்னா? இருக்கறதக் காட்டச் சொல்லு."

மறுநாளே சுருளை வெளியே எடுத்தார்.

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். அவர் லென்ஸ் வளையத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். முகம் தெளியவே இல்லை. திரைச்சீலையைக் குறை சொன்னார். பிறகு லென்ஸில் பூஞ்சை என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று எழுந்தாள். கழுத்தில் கிடந்த அளவு டேப்பின் ஒரு முனையைக் கேமராவோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையோடு நாற்காலியில் போய் உட்கார்ந்து தன் கண்ணோரம் வரை இழுத்துப் பிடித்தாள். "நாலடி. வளையத்துல நாலுல வைங்க."

அவர் குனிந்து வளையத்தில் பொறித்திருந்த தூர எண்களைத் தேடினார். அந்த லென்ஸை யாரையும் தொடவிட்டதில்லை.

"நீயே வச்சுடு," என்றார்.

அவள் அவர் கண்ணை ஒரு தரம் பார்த்தாள். வைத்துவிட்டு, போய் அதே மாதிரி உட்கார்ந்தாள்.

"அசையாதே."

மூன்றாம் நாள், பெரிதாகப் போட்ட படத்தை வாசல் வெளிச்சத்தில் அவளிடமே நீட்டினார். அவருக்கு அதில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ ஒரு உருவம், அவ்வளவுதான். "எப்படி வந்திருக்கு?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எல்லாம் இருக்கு. தழும்பு இருக்கு, நரை இருக்கு. உங்க கண்ண நெனச்சு நான் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறது, அதுவும் இருக்கு."

அவர் படத்தை வாங்கி, உறையில் போட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பத்திரமா வை. நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இத நான் பாக்கணும்."