பழைய டிராக்டரின் ஒரே கிளட்ச்

சேகர் பொய்யன். அவன் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.

கல்மண்டபம் பக்கம் ஐஸ் உடைக்கும் இடத்தில் இருவரும் வேலை பார்த்தோம். பழைய டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டுதான் அரவை மிஷினை ஓட்டும். சக்கரத்துக்கும் தண்டுக்கும் ஒரே கிளட்ச். தண்டை மட்டும் நிறுத்தும் லீவர் எப்போதோ உடைந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் அரவை நிற்கும். எஞ்சினை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால் யாரும் அணைப்பதில்லை.

அன்று ஐஸ் சிக்கிக்கொண்டது. சேகர் சீட்டில் ஏறி மிதித்தான். அரவை நின்றது.

"கைய வுடட்டா?"

"வுடு மாமு. நான் மிதிச்சுகினுதான கீறேன், இன்னா பயம் உனுக்கு?"

கையை விட்டேன். அவனுக்குப் போன் வந்தது. அதை எடுக்க எழுந்தான். என் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்து அழுதான். நானும் மன்னித்துவிட்டேன். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய், "அவனே நிறுத்திட்டு அவனே கைய வுட்டான், நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்று சொல்லியிருக்கிறான். எனக்கு வேலை போயிற்று. விரல்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

சேகர், ஐஸ் வாங்க வரும் அத்தனை பேர் முன்னாலும் சொல். என் கை அரவைக்குள் இருந்தபோது கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது யார்?