முன் சக்கரத்துக்குப் பக்கத்தில்

யுத்தம் முடிந்த புதிதில், ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் தண்டையார்பேட்டை மைதானம் ஒன்றில் விற்பனைக்கு நின்றன. கப்பலிலிருந்து கடலில் இறக்கிவிட, எண்ணூர்க் கரைக்கு மிதந்து வரும் தேக்கு மரங்களை மணலிலிருந்து இழுத்துத் தந்தால் நிரந்தர வேலை என்று ஒரு மரவாடிக்காரர் எனக்கும் மச்சானுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் லாரி வேண்டும். தப்பான வண்டியை வாங்கினால் வேலை போச்சு.

எனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை டயரை உதைத்துப் பார்ப்பது. உதைத்தேன். கால் வலித்தது.

"கப்பலையே கட்டு நைனா, இஸ்துகினு வரும்," என்றார் விற்பவர்.

நாலும் இழுக்கிறதா என்று கண்ணால் எப்படிப் பார்ப்பது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, பளபளவென்றிருந்த ஒரு லாரியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஒரு மரத்தைக் கட்டினோம். மச்சான் ஓட்ட, நான் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பின் சக்கரங்கள் பள்ளம் தோண்டின. முன் சக்கரங்கள் மாப்பிள்ளைத் தோழன்போல் சும்மா நின்றன.

"புது எடம், கூச்சப்படுது," என்றார் விற்பவர்.

பள்ளத்தில் மாட்டிய அதை இழுக்கவே இன்னொரு லாரி தேவைப்பட்டது. கதவில்லாத, பெயிண்ட் உரிந்த ஒன்றை விற்பவர் கொண்டுவந்தார். அதன் முன் சக்கரத்தருகேயும் படுத்தேன். மச்சான் மிதித்ததும் சக்கரம் வாரியிறைத்த மணல் அத்தனையும் என் முகத்தில். பளபள லாரி மேலேறி வந்தது.

"இன்னா மச்சான், சுத்துதா இல்லியா?" என்று கேட்டான் மச்சான்.

வாய் நிறைய மணல். இதையே வாங்கு என்று கையைக் காட்டினேன்.