மாமா பேசாமல் இருந்த வசந்தம்

என் மாமனாருக்கு ஊர் வைத்த பெயர் மைக்செட். கூட்டங்களுக்கு மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். விட்ட இடத்திலெல்லாம் மேடையேறி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது அவர் பழக்கம். இரண்டு வார்த்தை என்பது பேச்சுக்குச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினாலே பின்வரிசைக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கட்சியின் கொள்கை. கட்சிக்கு வேறு கொள்கைகளும் இருந்திருக்கலாம். மாமாவுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. “கவர்மெண்ட் நடத்துற கடையில டீகூட ஆறித்தான் வரும்” என்பார். அப்படி ஒரு கடையில் அவர் டீ குடித்ததாக எனக்கு நினைவில்லை.

மூட்டுவலி வந்த பிறகு கடையை என்னிடம் விட்டுவிட்டார். ஒலிபெருக்கியைத் தூக்க முடியவில்லை, பேச முடிந்தது. அந்த வருஷம் குளிர் முடிகிற நேரத்தில் அதற்கும் ஆபத்து வந்தது. குரல் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல ஆனது. சளி என்றார். தேன் சாப்பிட்டார், வெந்நீரில் கொப்பளித்தார். அதே குரலில் கட்சிக்கு ஒரு விளம்பரத்தையும் பதிவுசெய்து கொடுத்தார். கடைசியில் அத்தை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போன இடம் எங்கள் தெருமுனையில் இருந்த சின்ன அரசு மருத்துவமனை. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைவது போல மாமா நுழைந்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, “கட்டி இருக்கு” என்றார். அவர் சொன்னபடி பெரிய மருத்துவமனையில் சேர்ந்து அதை எடுத்தோம். கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தபோது அத்தை நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். மறுவாரம் டாக்டரம்மா சொன்னார்:

“இனிமே மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது சார். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது.”

அத்தை கேட்டார்: “மூணு வாரம் போதுமா டாக்டரம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

மாமாவுக்கு ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். அவர் அதில் கோபமாக எழுதிக் காட்டுவார். அத்தை கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேங்க” என்பார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருக்கும். சில நாள் தாங்கினார் மனுஷர். பிறகு ஒரு மத்தியானம் டிவி செய்தியில் யாரோ ஓர் அமைச்சர் ஏதோ சொல்ல, “பொய்!” என்று கத்திவிட்டார். டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டு, மூன்று வாரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.

“வீட்ல வெச்சா டிவியோட சண்டை போடுவாரு மாப்பிள்ளை. எங்கயாவது கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க” என்றார் அத்தை.

பரணில் மாமாவின் பழைய தூண்டில் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மீன்பிடிக்கப் பைத்தியமாய் அலைந்தாராம். தூசியைத் தட்டி அவரையும் தூண்டிலையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனேன். வசந்தம் அப்போதுதான் வந்திருந்தது. மொட்டையாய் நின்ற மரங்களில் எல்லாம் நகக்கண் அளவுக்குத் தளிர். காற்றில் பூந்தூள் பறந்து, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வரிசையாய்த் தும்மிக்கொண்டு போனார்கள். மாமா நாற்காலியை விரித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, தூண்டிலை வீசினார். முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு.

பத்தடி தள்ளி இருந்த குடை திரும்பியது. அதற்கு அடியில் டிரைவர்.

டிரைவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தொழிற்சங்கத்துக்காரர். எல்லாத் தேர்தலிலும் மாமாவுக்கு எதிரணி. ஒரு தடவை இருவரும் போட்ட வாக்குவாதத்தில் டீக்கடைக்காரர் கடையையே சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

“யோவ் மைக்செட்டு! நீயா?”

மாமா தொண்டையைக் காட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். டிரைவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாமாவின் பக்கத்தில் வந்து போட்டார்.

“இத்தனை வருஷத்துல இவன் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்ல தம்பி. நீங்க கடையைப் போய்ப் பாருங்க. நான் பார்த்துக்கிறேன்.”

மாமா என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். நான் கிளம்பிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் டிரைவர் பேசுவார், மாமா தலையை ஆட்டி மறுப்பார். கூலி, வரி, பள்ளிக்கூடம், பென்ஷன். கடுமையாக மறுக்கவேண்டிய இடத்தில் மண்புழு டப்பாவைத் தட்டுவார். “அந்த டப்பா நெளிஞ்சே போச்சு” என்று டிரைவரே பிறகு என்னிடம் சொன்னார்.

நடுவில் ஒருநாள் பரிசோதனைக்காக நான் மாமாவைத் தெருமுனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். பக்கத்தில் ஓர் அம்மா கைக்குழந்தையோடு இருந்தார். அந்தப் பக்கம், கால் வீங்கிய கொத்தனார். அப்போது வெளியே ஒரு ஆட்டோ ஊர்ந்து வந்தது. அதன் மேல் எங்கள் கடை ஒலிபெருக்கி. அதிலிருந்து மாமாவின் கரகரத்த குரல்:

“வீண் செலவை ஒழிப்போம்! தெருமுனை மருத்துவமனைகளை மூடுவோம்! ஒரே நகரம், ஒரே மருத்துவமனை!”

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இந்தக் காலோட நான் ஊர்க் கோடிக்கு எப்படிப் போறதாம்?” என்றார் கொத்தனார்.

“பேசறவனுக்கு என்ன? அவனுக்கு ஒரு நோய் வந்தாத்தானே தெரியும்” என்றார் அந்த அம்மா. பிறகு கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “குரலைப் பார்த்தா வந்துருச்சு போலிருக்கே” என்றார்.

பெஞ்சே சிரித்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. ஆட்டோ தெருவைச் சுற்றிக்கொண்டு இன்னொரு தடவை வந்தது. இரண்டாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டை எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். எதுவும் எழுதவில்லை.

ஏரிக்கரையிலும் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. மாமா டப்பாவைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். டிரைவருக்கு அது பிடிக்கவில்லை.

“என்னய்யா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற? தனியார் வேனையெல்லாம் தடை பண்ணணும்னு சொல்றேன்ல? நீ தட்டுவேன்னு பார்த்தா தட்டல. நேத்து வீட்டுக்குப் போய் நானே யோசிச்சேன். என் தங்கச்சி இருக்கிற மேட்டுத் தெருவுக்கு நாங்க ஒருநாளும் பஸ் விட்டதில்ல. வேன்காரன்தான் போறான். நீ எதிர்த்துப் பேசாம இருந்து, எனக்கு எதிரா என்னையே பேச வெச்சுட்டே.”

நான் அன்றைக்கு மாமாவை அழைத்துவரப் போயிருந்ததால் இதை நேரிலேயே கேட்டேன். மாமா தூண்டிலைப் பார்த்தபடியே, டிரைவரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

டாக்டரம்மா பேச அனுமதி கொடுத்த வாரமே கட்சியின் தெருக் கூட்டம். மைக்செட் எங்களுடையது, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நான். செயலாளர் மாமாவை மேடைக்கு இழுத்தார்: “அண்ணே, ஆஸ்பத்திரி விஷயத்தை நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

மாமாவின் புதுக் குரல் மெல்லியது. கேட்பதற்குக் கூட்டம் முன்னால் குனிய வேண்டியிருந்தது. அவருக்காக யாரும் குனிந்து நான் பார்த்ததே இல்லை.

“நான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். என் குரல் தெருவுல போச்சு. உள்ள இருந்தவங்க திட்டினாங்க. நானும் சேர்ந்து திட்டியிருப்பேன், டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

“செலவைக் குறைக்கணும். இப்பவும் சொல்றேன், பட்டப்பகல்ல தெருவிளக்கு எரியுது, அதை அணைங்க. ஆனா அந்த ஆஸ்பத்திரியை மூடக் கூடாது.”

செயலாளர் என்னைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்று கையால் சைகை காட்டினார். நான் குனிந்து, நன்றாக இருந்த ஒயரை இன்னும் கொஞ்சம் நன்றாக்கிக்கொண்டிருந்தேன்.

மாமா மெதுவாக இறங்கி என்னிடம் வந்தார். “ரொம்பப் பேசிட்டேனா மாப்பிள்ளை?” என்றார். இல்லை என்றேன். மேடையிலிருந்து வந்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் மைக்செட்டுக்கு வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து மாமாவைத் தங்கள் பக்கம் கூப்பிட்டார்கள். “ஒரு வீட்டைக் காலி பண்ணினா, உடனே எதிர்வீட்டுக்கே குடிபோகணுமாய்யா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மருத்துவமனையை மூடும் பேச்சை மாமாவின் பழைய கட்சி தள்ளிவைத்தது. மாமாவால்தானா என்று யாருக்கும் தெரியாது. அத்தை மட்டும், “இவர் மெதுவாப் பேசினதுலயே பயந்திருப்பாங்க” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையும் ஏரிக்கு வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வேன் விஷயத்தில் சண்டை தொடங்கியிருந்தது. மாமா இப்போது வேன்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறார், டிரைவர் கூடாது என்கிறார். தண்ணீரை இருவருமே பார்க்கவில்லை. அத்தை மாமாவின் கையிலிருந்த தூண்டிலைச் சத்தமில்லாமல் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் கரையில் துள்ளியது.

“ரெண்டு பேரும் பேசிட்டே இருங்க” என்றார் அத்தை, அடுத்த புழுவைக் கோத்தபடி. “இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க.”