கரட்டில் நட்டதாகச் சொன்ன மரங்கள்

மேச்சேரிக்கு மேற்கே, ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது கோணக்கரட்டூர். உஷாராணி அங்கே ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், யாரிடமும் கை நீட்டாதவர். நீர்வடிப்பகுதித் திட்டம் ஊருக்கு வந்தபோது, காட்டைக் காக்கும் குழுவுக்குப் பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

திட்டம் நியாயமாகத்தான் பட்டது. அரசுப் பணத்தில் ஓடையில் தடுப்பணை கட்டுவார்கள், சரிவில் ஆயிரக்கணக்கில் வேம்பும் புங்கனும் நடுவார்கள், மழைநீர் நின்று கிணறுகள் ஊறும். பதிலுக்கு ஊர் ஐந்து வருடம் கரட்டில் ஆடு மேய்க்கக் கூடாது.

உஷாராணி அதை நம்பினார். வீடு வீடாகப் போய்ப் பேசினார். கடைசி வரை பிடி கொடுக்காதவர் பக்கத்து வீட்டுக் குப்பாயி. புருஷன் போனபின் இருபத்திரண்டு மேச்சேரி ஆடுகளை வைத்துத்தான் அவர் காலம் தள்ளினார். மூன்று நாள் பேசியபின் இறங்கி வந்தார்.

"நீ சொல்றயேன்னுதான் விக்கறேன் சாமி. ஆபீசர் சொன்னாருன்னு இல்ல," என்றார்.

ஊரே ஒரே வாரத்தில் விற்றதால் வியாபாரி கேட்டதுதான் விலை.

திட்டத்தின் களப்பணியாளர் ஜெயபிரகாஷ் மாதம் ஒரு முறை வந்து, வேலை நடந்ததாக எழுதிய காகிதங்களைக் கையெழுத்துக்கு நீட்டுவார். மேலே வந்து பார்க்கிறேன் என்று உஷாராணி சொன்னால், வழியெல்லாம் முள்ளும் பாம்பும் என்று தடுத்துவிட்டுப் போனில் படம் காட்டுவார். குழி, கன்று, பூசிய சுவர். உஷாராணி கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருடம், வாழ்வாதார உதவி என்று மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று அவர் வீட்டில் வந்து இறங்கியது. சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஓடையில் செந்தண்ணீர் இரண்டு மணி நேரம் ஓடி வடிந்தது. ஒரு கிணற்றிலும் ஊற்று இல்லை. விறகுக்குப் போய்வந்த குப்பாயி, மேலே அணையும் இல்லை மரமும் இல்லை என்றார். உஷாராணிக்குக் கோபம் குப்பாயிமேல்தான் வந்தது. ஆட்டை விற்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்று நினைத்தார். மறுநாள் காலை இருவரும் ஏறினார்கள்.

அணை இருந்தது. உஷாராணி கல்யாணமாகி வருவதற்கு முன்பே யாரோ கட்டிய கல்லணை, முக்கால்வாசி மண்மூடிக் கிடந்தது. அதன் முகத்தில் மட்டும் சிமென்ட் பூசி இந்தத் திட்டத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். கட்டைவிரலால் நெம்பியதும் பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. குழிகள் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. கன்றுகள் ஒரு பாறைப் பள்ளத்தில் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தன. பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்கவில்லை. பைக்குள்ளேயே வேர் சுருண்டு செத்திருந்தது. அவற்றின்மேல் பிராந்தி பாட்டில்கள், பிரியாணி தின்ற தாள்கள். மழைத்தண்ணீர் தேங்கி அழுகி, நாற்றம் முகத்தில் அடித்தது.

உஷாராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். குப்பாயி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த முறை ஜெயபிரகாஷ் வந்ததும் உஷாராணி கேட்டார். அவர் மறுக்கவே இல்லை.

"எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்க அக்கா. வர்ற பணம் எத்தன கை மாறி வருது. நீங்களும் மிஷின் வாங்கிக்கிட்டீங்கல்ல?"

குரலில் மிரட்டல் இல்லை, இளக்காரமும் இல்லை. கூட்டாளியிடம் பேசுவது போலப் பேசினார். உஷாராணியால் பொறுக்க முடியாதது அதுதான்.

மறுநாள் மிஷினை ஆட்டோவில் ஏற்றித் திட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார்கள். வராந்தாவிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். பிறகு சேலத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், பார்த்ததையெல்லாம் எழுதி மனுக் கொடுத்தார். தானே கையெழுத்துப் போட்டதையும் மறைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து விசாரணைக்கு ஆள் வந்தது. வந்தவர் ஜெயபிரகாஷ். உஷாராணி தன் கையால் எழுதிய மனு அவர் கையில் இருந்தது.

"விசாரிச்சாச்சு, திருப்தின்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க அக்கா."

"நான் போட்ட கையெழுத்தெல்லாம் அந்தப் பள்ளத்துல நாறிக் கெடக்குதுங்க," என்றார் உஷாராணி. "இன்னொண்ணு போட மாட்டேன். எந்திரிச்சுப் போங்க."

அவர் எழுந்து போனார். அதே மாதம் குழுவுக்கு வேறு தலைவி வந்தார். திருப்தி என்று அவர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஜெயபிரகாஷ் இதைவிடப் பெரிய திட்டம் ஒன்றுக்கு மாறிப் போனார். உஷாராணி மறுபடி மறுபடி மனு எழுதினார். பெற்றுக்கொண்டோம் என்ற ரசீது மட்டும் தவறாமல் வந்தது.

தைமாதம் அவர் சந்தையில் இரண்டு பெட்டை ஆட்டுக்குட்டிகள் வாங்கிக் குப்பாயி வீட்டு வாசலில் கட்டினார். குப்பாயி இப்போது தினமும் தறிப் பட்டறைக்கு நூல் சுற்றப் போகிறார். குட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கயிற்றை உஷாராணியின் கையிலேயே கொடுத்தார்.

"எங்க சாமி மேய்க்கறது? கரட்டுக்குள்ள ஆடு போனா இப்பவும் புடிச்சுக் கட்டிப்போடறாங்களே."

திட்டத்தில் எழுதியபடி நடந்தது அது ஒன்றுதான்.