ஆக்னஸ் அக்கா லினக்ஸுக்கு மாறிய கதை

ஆக்னஸ் அக்கா முப்பது வருடமாகப் பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டு வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறார். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை. விரல் ஓடும்போது கண் வாசலில் இருக்கும். திருவேற்காட்டில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழ் ஃப்ளாட் அவருடையது. நான் கரூர்க்காரன், ஐ.டி.யில் வேலை. கம்ப்யூட்டர் என்றால் அக்கா என்னைத்தான் கூப்பிடுவார். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவருடைய கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பத்து. இனி அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரை முழுக்க ஓர் எச்சரிக்கை வர ஆரம்பித்தது. பதினொன்றை அந்தப் பழைய மெஷின் ஏற்காது. ஊரார் வழக்கெல்லாம் இதற்குள் இருக்கிறதே, எவனாவது புகுந்துவிட்டால் என்ன செய்வது என்று அக்கா பயந்துபோனார். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

எந்த லினக்ஸ் என்று எங்கள் ஆபீஸில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். அதனால் உபுண்டு, ஜோரின், மின்ட் என்ற மூன்று வகையையும் மூன்று பென்டிரைவில் கொண்டுபோனேன். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

உபுண்டுவில் ஐகான்கள் இடது ஓரத்தில் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்ததுமே அக்கா தலையை ஆட்டிவிட்டார். ஜோரின் லட்சணமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த மெஷினில் நத்தையாக நகர்ந்தது. மின்டில் மெனு அவர் பழகிய அதே கீழ்மூலையில் இருந்தது. பிரின்டரும் மறுபேச்சில்லாமல் பேப்பரை இழுத்தது. டைப்ரைட்டர் விசை வரிசையை அமைத்துக் கொடுத்தேன். வாசலைப் பார்த்தபடியே ஒரு வரி அடித்தார்.

"இதுவே இருக்கட்டும் தம்பி."

"ரெண்டு நாள் இதுலயே வேலை பாருங்கக்கா. பிடிச்சிருந்தா உள்ளே ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடையிலிருந்து போன். "தம்பி, நேத்து பூரா அடிச்சது ஒண்ணையும் காணோம். கொஞ்சம் வரியா?"

போனிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பென்டிரைவில் ஓடும்போது அதில் சேமித்ததெல்லாம் மெஷினை அணைத்ததும் போய்விடும். எங்கள் ஐ.டி. ஆட்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. யாரும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. நானும் சொல்லவில்லை.

போனது சாதாரண மனுவும் இல்லை. எல்லம்மா என்ற அம்மாளின் வீட்டை மறுநாள் இடிப்பதாக நோட்டீஸ். அதற்குத் தடை கேட்கும் மனு, பதினோரு பக்கம். பத்தரைக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல கீது" என்றார் அக்கா, நான் கடைக்குள் நுழைந்ததும். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவும் வாய் வந்தது, வெட்கமாக இருக்கிறது.

"இல்லக்கா. நான் சொல்ல மறந்துட்டேன். அது திரும்பி வராது."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். பின்பக்கம் பழைய நோட்டீஸ், முன்பக்கம் மனு. ஒரு பக்கம் அடித்து முடித்தால் அதைக் கழிவுத் தாளில் பிரின்ட் எடுத்து வைக்காமல் அடுத்த பக்கம் தொடமாட்டார். கார்பன் காகிதக் காலத்துப் பழக்கம். பத்துப் பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்தை எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டதாம்.

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழைய விண்டோஸிலேயே உட்கார்ந்தோம். நான் வாசித்தேன், அவர் அடித்தார். என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. சர்வே எண்ணை ஒரு தடவை தப்பாக வாசித்து, நானே பதறித் திருத்தினேன். பதினோராம் பக்கத்தை அக்கா கண்ணை மூடி நினைவிலிருந்து அடித்தார்.

பத்தேகாலுக்கு வக்கீல் குமாஸ்தா திருவேங்கடம் வந்து நின்றார். "இன்னாக்கா, ரெடியா? சாரு கோர்ட்டாண்ட வந்துட்டாரு." நடந்ததைச் சொன்னதும் கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். "கரீட்டா கீது" என்று வாங்கிக்கொண்டு ஓடினார்.

அக்கா டீ வரவழைத்தார்.

"உன் மின்ட் நல்லாத்தான் கீது தம்பி. அது மேல குத்தம் இல்ல. இப்பவே உள்ள ஏத்திடு."

நானும் பட்ட கடனைத் தீர்ப்பவன்போல அவசரமாகப் பென்டிரைவைச் செருகினேன். நிறுவும் பக்கம் வந்தது. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. ஆம் என்பதன்மேல் மவுஸை வைத்தேன்.

"தம்பி, வேற எதுனா சொல்ல மறந்துட்டியா?"

சும்மாதான் கேட்டார், டீயை ஆற்றியபடி. திரையில் இருந்த கேள்வியை மறுபடி படித்தேன்.

"அக்கா, இதுல இருக்கிற பழைய மனுவெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இல்லியே. பன்னெண்டு வருசமா எல்லாம் இதுக்குள்ளதான் கீது. ஏன்?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.