அவித்த மணல்

ஆள்காட்டி விரலைக் கண்ணாடித் தொட்டிக்குள் முக்கி எடுத்து, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடி நிற்பார் பிச்சை முகம்மது பாய். பிறகு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு, மூன்று முறை வாய் கொப்பளித்து, விரலைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். "செத்த உப்பு ஏறியிருக்கு தம்பி. வெயிலுக்குத் தண்ணி வத்திருச்சுல்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீரில் அரைச் செம்பு ஊற்றுவார். தினமும் காலை ஆறரை மணிக்கு இது நடக்கும். நான் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் வீட்டு முன்னறையில் நான் இரண்டரை வருடம் குடியிருந்தேன். 1989இல் போனேன். கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா, கல்யாணமாகாத ஆள். ஒண்டிக்கட்டைக்கு யாரும் வீடு தராத காலத்தில் இவர் மட்டும் மறுபேச்சில்லாமல் தந்தார். ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "ஒங்க கை நகத்தப் பாத்தேன் ரத்தினம் தம்பி. ஒட்ட வெட்டியிருந்துச்சு" என்றார்.

அந்த வீட்டுக்குள் போக ஒரு சட்டம் உண்டு. படிக்கு இடப்பக்கம் ஒரு வாளி நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. யாராக இருந்தாலும் கணுக்கால்வரை கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஒருமுறை பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். பட்டு வேட்டி கட்டி வந்த பெரியவரையும் பாய் விடவில்லை. "மொதல்ல காலக் கழுவுங்க. பொறவு மாப்பிள்ளையப் பத்தி நல்லதா சொல்லுதேன்" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வாளியால்தான் போயிற்று என்று எனக்கு வெகுநாள் வருத்தம் இருந்தது.

அவர் வேலை அப்படி. சத்திரப்பட்டிப் பக்கத்துத் தறிகளில் நெய்து வரும் பேண்டேஜ் துணியை வெளுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர்தான் பிளீச்சிங் மாஸ்டர். பழுப்பாக, கஞ்சி வாடையோடு வரும் துணியைச் சோடா போட்டு மணிக்கணக்கில் அவித்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, பல தண்ணீரில் அலசி, வெள்ளைவெளேரென்று காயப்போடுவார்கள். ஒரு கட்டுத் துணியில் ஒரே ஒரு தலைமுடி கிடந்ததற்காக அத்தனையையும் மறுபடி அவிக்கச் சொன்னவர் அவர். முதலாளி முறைத்தபோது, "இது யாரு புண்ணு மேல படப்போகுதோ, நமக்குத் தெரியுமா மொதலாளி?" என்று கேட்டாராம். அவரைக் கேலி செய்கிறவர்கள்கூட இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலாகி ஏழு வருடமாகிறது. இப்போதும் மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவார். பால்கோவாவைக் கையால் அள்ளிக் கட்டும் கடையில் வாங்க மாட்டார். கரண்டி இருக்கிற கடையைத் தேடிப்பிடித்து, அந்தக் கரண்டியையும் வெந்நீரில் கழுவச் சொல்லித்தான் வாங்குவார். அவர் வந்துபோன பிறகு என் வீட்டு நாற்காலியில் பிளீச்சிங் பவுடர் வாடை கொஞ்ச நேரம் நிற்கும். எனக்கு அது பிடிக்கும். என் இளமைக் காலத்தின் வாடை அது.

ஊரே வேட்டைநாய் வளர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, இவர் கடல் தண்ணீரில் நட்சத்திர மீன் வளர்க்கக் கிளம்பினார். ஆசைக்கு ஆரம்பித்ததில்லை. எல்லாம் மனைவிக்காக.

மெகராஜ் பேகம் கடற்கரை ஊரான வேம்பாரில் பிறந்தவர். நான் குடிபோவதற்கு முந்தின வருடம் அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், மௌத்தாகிவிட்டார். தந்தி தாமதமாக வந்தது. மூன்று பஸ் மாறிப் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "மையத்த எம்புட்டு நேரம் வச்சிருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டார் அண்ணன் அபுபக்கர். நியாயமான கேள்விதான், கேட்ட நேரம்தான் சரியில்லை. "இனி இந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கை அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அண்ணன் எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே பீரோவின் மேல் கிடந்தன. ஆனால் சாயங்காலமானால் மெகராஜ் பேகம் படியில் வந்து உட்காருவார். மேற்கே அத்தனை பெரிய மலை இருக்கிற ஊரில், அவர் மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

பாய் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். "மிதிக்க மாட்டேன்னுதான சொன்னா? மண்ணு நம்ம வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொல்லலியே!"

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, தெலுங்கு பேசும் ஒரு ராஜு வீட்டிலிருந்து வந்தது. தங்கமீனெல்லாம் செத்துப்போன வெறுப்பில் அவர்கள் "தீஸ்கோ பாய், தீஸ்கோ" என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வேம்பாருக்குப் போய், மச்சான் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல், கேன் கேனாகக் கடல் தண்ணீரும் ஒரு சாக்கு மணலும் பஸ் மேல் ஏற்றி வந்தார். மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த மீனவர் ஞானதுரை, வலையில் சிக்கிய நட்சத்திர மீன் ஒன்றைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். வலை உதறும்போது அவற்றைக் கரையில் வீசிவிடுவார்களாம். சிறுமியாக இருந்த மெகராஜ் அவற்றைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவாராம்.

மணல் வீட்டுக்குள் வருமுன் பாய் அதை முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன நாத்தம்! இதுல எம்புட்டு அழுக்கு இருக்கும்?" என்று அண்டாவில் கொட்டி, அடுப்பை மூட்டி, பேண்டேஜ் துணியை அவிப்பதுபோல் இரண்டு மணி நேரம் அவித்தார். அலசினார், காயவைத்தார். தண்ணீரையும் விடவில்லை, தன் கம்பெனித் துணியை எட்டாக மடித்து வடிகட்டினார். அரிசி மாவுபோல் வெளுத்த மணலில், குழாய்த் தண்ணீர்போல் தெளிந்த கடலில் நட்சத்திர மீனை விட்டார்.

அது மணலுக்குள் புதைந்தபோது மெகராஜ் பேகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அதுதான். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து தொட்டிமுன் உட்கார்ந்துவிடுவார். குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. பாய் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம் அது மணலுக்குள் போகவில்லை. மேலேயே கிடந்தது, கை நுனிகள் கரைந்தன, செத்தது. எங்கோ அழுக்கு நின்றுவிட்டது என்று பாய் முடிவுகட்டினார். "அழுக்கு கண்ணுக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சா நாம விடுவமா?" புது மணல் கொண்டுவந்து இந்த முறை மூன்று தடவை அவித்தார். இரண்டாவது நட்சத்திரம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மெகராஜ் பேகம் அதையும் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "ஒரு வீட்டுக்கு எத்தன மௌத்து?" என்று கேட்டார். இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. சந்தோஷப்படுத்தப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று பாய் என் அறையில் வந்து உட்கார்ந்து கண் கலங்கினார்.

மூன்றாவது முறை போனபோது ஞானதுரை விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். திரும்பி வந்த பாய் அப்படியே அவர் குரலில் சொல்லிக்காட்டினார்: "யோவ் பாய், அது மண்ணையாவே திங்குது? மண்ணுக்குள்ள கெடக்குற சின்னப் புழு, பூச்சி, அழுகுன சாமான், அதத் தின்னுல்லாவே பொழைக்கி! நீரு மண்ண அவிச்சு, வீட்டுக்கு வந்த விருந்தாளியப் பட்டினி போட்டுக் கொன்னுட்டீரே!"

சொல்லி முடித்துவிட்டுத் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக ஒரு துணியில் ஒரு பூச்சி உயிரோடு இருக்கக் கூடாது என்று உழைத்த கை. "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான தம்பி" என்றார்.

அந்த முறை மணல் கறுப்பும் பழுப்புமாக, கிளிஞ்சல் நொறுங்கலும் நுரையும் வாடையுமாக வந்த கோலத்திலேயே தொட்டிக்குள் போனது. கொட்டும்போது பாய் மூச்சை அடக்கிக்கொண்டார். தண்ணீர் தெளிய நான்கு நாளாயிற்று. நான்கு நாளும் கழுவத் துடித்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். அறைக்குள் எனக்கே குமட்டியது. மெகராஜ் பேகம் மட்டும் தொட்டிமேல் குனிந்து மூச்சை இழுத்து, "எங்க ஊரு வாடை" என்றார்.

நட்சத்திரம் பிழைத்தது. மணலுக்கடியில் அது நகரும்போது மேலே மெல்லிய கோடு ஒன்று எழும்பும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே நான் வங்கியிலிருந்து நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். அந்த இரண்டு மாதம் மூன்று பேரும் ஒரு குடும்பம்போல் இருந்தோம் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாவது மாதம் அது மறுபடி மணலுக்கு வெளியே வந்து கண்ணாடி ஓரமாகச் சுற்றத் தொடங்கியது. கைகள் மெலிந்தன. பாய் நெத்திலியைக் கிள்ளி அதன் கீழே வைத்துப் பார்த்தார், அது தொடவில்லை. ஞானதுரை அப்போதே சொல்லியிருந்தார்: "கடல்ல அது மேயுற எடத்துக்கு எல்லை கெடையாது. உம்ம பெட்டி மண்ணு அதுக்கு எத்தன நாளைக்கிவே?" மூன்றடித் தொட்டியில் இருந்ததையெல்லாம் அது தின்று முடித்துவிட்டது.

"வேற மண்ணு கொண்டாரட்டுமா மெகராசு?" என்று பாய் கேட்டார்.

"எத்தன சாக்கு கொண்டாருவீக?" மெகராஜ் பேகம் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கத்தா மொகத்தத்தான் பாக்க முடியல. இதயாவது உசுரோட கொண்டுபோயிச் சேக்கணும்."

"அப்பம் நா நாளைக்கே போயி விட்டுட்டு வாரேன்."

"நீங்க போனா அதயும் கழுவிட்டுத்தான் விடுவீக. நானே வாரேன்."

நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை கூடிப்போனால் அவர் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். கேனை மெகராஜ் பேகம் மடியிலேயே வைத்துக்கொண்டாராம். சாத்தூரில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லையாம். வேம்பாரில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீருக்குப் போய் அதை இரண்டு கையாலும் தாழ விட்டாராம். அது அடி மணலுக்குள் இறங்கி மறையும்வரை நின்றாராம். யாரோ போய்ச் சொல்லி, அண்ணன் அபுபக்கர் சட்டைகூடப் போடாமல் கடற்கரைக்கு ஓடி வந்திருக்கிறார். அவர் பேச வாயெடுக்குமுன் தங்கை அழுதுவிட்டார். அன்று அண்ணன் வீட்டில்தான் தங்கினார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். மெகராஜ் பேகத்தின் கண் வீங்கியிருந்தது, முகம் தெளிந்திருந்தது. கையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம். கிளம்பும்போது இன்னொரு முறை கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். சேலைக் கரை உப்புப் பூத்து விறைத்திருந்தது, செருப்பு வாரிலும் விரலிடுக்கிலும் மணல். படிக்கு இடப்பக்கம் குனிந்து, பழக்கத்தில் கோப்பைக்குக் கை நீட்டினார்.

"அப்படியே உள்ள வா" என்றார் பாய். சொல்லிக்கொண்டே முந்திப்போய், தளும்பிய வாளியைத் தூக்கிக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டார்.