மிச்சம் வைக்கத் தெரியாத வீடு

2007 ஜூன் 16, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். குழாயில் தண்ணீர் வந்தது. குடத்திலும் அண்டாவிலும் பிடித்து மூடி வைத்தேன். பால் காய்ச்சி, எனக்கும் கணவருக்கும் காபி போட்டேன். காலைக்கு ரவை உப்புமா. மதியத்துக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு, அதன் தோலில் துவையல். அரிசி களைந்த கழுநீரைப் பின்வாசல் வாளியில் ஊற்றி வைத்தேன். பிறகு ஒரு கரண்டி உப்புமாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கொல்லையில் நின்ற பிளாஸ்டிக் டிரம்முக்கு ஊட்டினேன்.

கடைசி வேலையைத் தவிர மற்றதெல்லாம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

அந்த டிரம்மைச் செய்தவர் என் அண்ணன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அண்ணியைக் கட்டியதால் அவருக்கும் அது கிடைத்தது. பிரான்சில் பஸ் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பென்ஷனோடு திரும்பி வந்தவர். வந்ததும் தட்டாஞ்சாவடியில் ஒரு சிறிய பட்டறையை வாடகைக்கு எடுத்தார். உலகத்தைக் காப்பாற்றுவதை அங்கிருந்து தொடங்குவதாகச் சொன்னார்.

உலகத்துக்கு முன்னால் எங்கள் வீடு அகப்பட்டுக்கொண்டது. முதலில் வந்தது சைக்கிள் மிதித்து ஓட்டும் மிக்சி. என் கணவர் மிதித்தார். தேங்காய்ச் சட்னி ஜாடிக்குள் இருந்ததைவிட சுவரில் நன்றாக அரைபட்டிருந்தது. பிறகு மின்சாரம் இல்லாத வெந்நீர்க் கருவி: மொட்டை மாடியில் கறுப்புக் குழாயைச் சுருள் சுருளாகப் படுக்க வைத்தார். கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வந்தது. மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் வந்தது. அண்ணன் எதையாவது செய்து முடித்ததும் இரண்டு கைகளையும் விரித்து "வொலா!" என்பார். இதோ பாருங்கள் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்தால் நாங்கள் இரண்டடி பின்னால் போய்விடுவோம்.

டிரம்மின் ஏற்பாடு இதுதான். பெரிய டிரம்மில் சாணக் கரைசல். அதற்குள் கொஞ்சம் சின்ன டிரம் ஒன்று கவிழ்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் குழாய் வழியாக மிஞ்சிய உணவைக் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு உண்டாகும். வாயு சேரச் சேர, கவிழ்ந்த டிரம் மேலே எழும்பும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் சமையலறை ஜன்னல் வழியாக ஒற்றை அடுப்புக்கு வரும். சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

"உன் வீடுதான் பாப்பா இதுக்குச் சரி," என்றார் அண்ணன். "நீ எல்லாத்தையும் ஒழுங்கா செய்வே."

அங்கேதான் தப்பு நடந்தது. டிரம்முக்கு வேண்டியது ஒழுங்கு அல்ல, மிச்சம். எங்கள் வீட்டில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. காய்கறித் தோல் துவையலாகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும். மிஞ்சிய சோறு மறுநாள் பழையது. அதிலும் மிஞ்சினால் வெயிலில் வற்றல். வாழைப்பழத் தோல் ரோஜாவுக்கு, காபித்தூள் சக்கை கறிவேப்பிலைக் கன்றுக்கு. கழுநீர் எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாவின் எருமைக்கு. பதிலுக்கு அந்த அம்மா பாலில் தண்ணீர் கலப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

முதல் வாரம் டிரம் எழும்பவே இல்லை. அண்ணன் தினமும் வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

"பசில கெடக்குது பாப்பா. இன்னா போட்டே?"

"முருங்கைக்காய் சக்கை."

"அதுல என்னா இருக்கு? அதான் நீங்க மென்னு துப்பிட்டீங்களே."

ஆகவே நான் வீணாக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சுலபமாக வரவில்லை. சோற்றை வேண்டுமென்றே கூட வடிப்பேன். வடித்த பிறகு டிரம்மில் கொட்டக் கை வராது, தயிர் சாதமாகப் பிசைந்து விடுவேன். கல்யாணமான நாளிலிருந்து தட்டில் ஒரு பருக்கை விடக்கூடாது என்று என்னிடம் பேச்சு வாங்கிய கணவர்தான் இதில் சந்தோஷப்பட்டார். அவருக்கு உப்புமா பிடிக்காது.

"இன்னிக்கு உப்புமாவை நான் மிச்சம் வைக்கலாமா?" என்று தினமும் பணிவாகக் கேட்பார்.

வெந்த சோறுதான் சீக்கிரம் புளிக்கும் என்று அண்ணன் சொன்னதால், டிரம்முக்கென்று ஓர் ஆழாக்கு அரிசி தனியாக வைத்தேன். கணவர் அடுப்பருகே வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ சிலிண்டர் கேஸ எரிச்சு, சோறு ஆக்கி, அத அதுக்கு ஊட்டி, அதுகிட்டேர்ந்து கேஸ் வாங்கப் போறோம்."

"ஆமாங்க."

"இது வீட்டோட மாப்பிள்ளை. சாப்பிடறான், உப்பறான், வேலைக்கு மட்டும் போவ மாட்டேங்கறான்."

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் உட்காருவோம்.

அந்த மாதம்தான் அண்ணி பொறுமை இழந்தார். பிரான்சில் இருக்கும் மகள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தாள். ஐந்தாவது மாடி வீடு, அங்கேயே வந்து இருங்கள் என்று எழுதியிருந்தாள். அண்ணிக்குப் போக ஆசை. அண்ணனுக்குப் பட்டறையை விட மனமில்லை. கடைசியில் அண்ணி எங்கள் எல்லோர் முன்னாலும் தீர்ப்பு சொன்னார்.

"இவரு இதுவரைக்கும் செஞ்சதுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, வேலை செஞ்சு நான் பார்க்கணும். சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன். அந்த டிரம்முல எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடுங்க. குடுத்துட்டா நான் வாயே தொறக்கல, இங்கேயே இருக்கலாம். இல்லனா பட்டறையப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டு என்னோட கெளம்பணும்."

அண்ணன் சம்மதித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது மாடியில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை நான் உப்புமா ஊட்டப் போனபோது, மாப்பிள்ளை இதுவரை இல்லாத உயரத்துக்கு எழும்பி நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகூட இருந்தது, விருந்து முடிந்து வேட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்த மனிதரைப் போல. அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து பார்த்து, தடவிக் கொடுத்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு அண்ணி வந்தார். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பாலும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தை ஒற்றை அடுப்பில் ஏற்றினேன். டிகாஷன் முன்பே இறக்கியிருந்தேன். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். வால்வைத் திறந்தார். உஸ் என்று சத்தம் வந்தது. தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார்.

"வொலா!"

நாங்கள் இரண்டடி பின்னால் போனோம்.

தீக்குச்சி அணைந்தது.

இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. பிறந்தநாள் மெழுகுவத்தியைக் குழந்தை ஊதுவதுபோல, அடுப்பு ஒவ்வொரு குச்சியையும் உப் உப் என்று ஊதி அணைத்தது. வாயு வருகிறது, எரியவில்லை. கூடவே ஒரு புளிப்பு நாற்றம் கிளம்பியது. அண்ணி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "மொந்தியே!" என்றார். கடவுளே என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"காத்து அடிக்குது," என்றார் அண்ணன். ஜன்னலைச் சாத்தினோம். நாற்றம் மட்டும் கூடியது.

"குச்சி நமுத்துப் போயிருக்கு," என்றார். கணவர் கடைக்கு ஓடிப் புதுப் பெட்டி வாங்கி வந்தார். புதுக் குச்சியும் அணைந்தது.

"மச்சான், மாப்பிள்ளை நம்ம மேல ஏப்பம் விடறான்," என்றார் கணவர்.

அண்ணனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. வால்வை மூடிவிட்டுக் கொல்லைக்குப் போய், ஊட்டும் குழாயில் மூக்கை வைத்து முகர்ந்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதுக்கு அஜீரணம். அளவுக்கு மேல தின்னு உள்ள புளிச்சுப் போச்சு. அதான் நல்ல கேஸ் வரல, வெறும் காத்துதான் வருது. பாப்பா, என்னா போட்டே?"

"நீங்க சொன்ன ஒரு கரண்டிதான் அண்ணே." கொஞ்சம் யோசித்தேன். "நேத்து மட்டும் ரெண்டு கரண்டி கூட. அளவுக் கரண்டியிலதான் போட்டேன்."

"ரெண்டு கரண்டில இவ்வளவு ஆவாது. மச்சான்?"

கணவர் கூரையைப் பார்த்தார். "நேத்து ஆபீஸ் ஆளு ஒருத்தர் வீடு குடிபோனாரு. பந்தில புளிசாதம் மிஞ்சிப் போச்சு. வீணாப் போவுதேன்னு..."

"எவ்வளவு?"

"ஒரு வாளி."

அந்த நேரம் பார்த்துக் கழுநீர் எடுக்கப் பின்வாசலுக்கு வந்த பால்கார அம்மா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நானும் நேத்து பாதி வாளி அதுக்கே ஊத்திட்டேம்மா. எங்க எருமைக்கு ஒரு வேள இல்லனா ஒண்ணும் ஆயிடாது. இது பாவம், வாயில்லா ஜீவன். இன்னிக்குப் பரீட்சைன்னு ஐயா சொன்னாரே."

"எல்லாருமா சேர்ந்து என் பொழப்புல மண்ண போட்டுட்டீங்களே!" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்றேன். "நேத்து மத்தியானம் கொல்லைக் கதவு திறந்திருந்தது. குழாய் ஓரமா மாங்கொட்டை கெடந்தது. நம்ம வீட்ல இந்த வாரம் மாம்பழம் வாங்கல."

அண்ணன் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அது... பழக்கடைல அழுகினது ஒரு கூடை சும்மா குடுத்தான். நீ தூங்கிட்டு இருந்தே. எழுப்ப வேணாம்னு..."

வந்தவருக்கு வயிறு நிறையப் போட வேண்டும், வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மனிதருக்குச் செய்ததை டிரம்முக்கும் செய்துவிட்டோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் நாற்காலிப் பக்கம் திரும்பினார். குரல் உள்ளே போய்விட்டது. "சரி. நீ சொன்னதுதான். திங்கக்கிழமை பட்டறைய காலி பண்றேன்."

அண்ணி மடியைக் குனிந்து பார்த்தார். கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஜெயித்தவர் இப்படி உட்கார மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"ஏம்மா," என்றார் என்னைப் பார்த்து. "நேத்து சாயங்காலம் உன் குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க வந்தேன் இல்ல?"

"ஆமா அண்ணி. நான் கடைக்குப் போயிருந்தேன். பாத்திரம் பின்வாசல்ல இருந்தது."

"பாத்திரம் காலியா வரல. எங்க வீட்ல மிஞ்சின பீட்ரூட் சாலட் அதுல இருந்தது. அத இந்தக் குழாயில போட்டுட்டேன்."

"சாலடா?" என்றார் அண்ணன். "நீ செய்யற சாலடா? வினிகர் ஊத்தினதா?"

"வினிகர் ஊத்தாம சாலட் எப்படிச் செய்வாங்க?"

"புளிச்ச வயித்துல வினிகர்!" அண்ணன் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஏன்டி போட்டே? இது எரியக் கூடாதுன்னுதானே உனக்கு ஆசை?"

"எரியக் கூடாதுன்னா நான் ஏன் சாப்பாடு போடறேன்? யோசிக்க மாட்டீங்களா?" அண்ணி எழுந்தே விட்டார். "இது எரியலனா நீங்க என்னோட வருவீங்க. வந்து அந்தப் பிளாட்ல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அந்த மூஞ்சிய யாரு பார்க்கறது? ரெண்டு நாள் கழிச்சுப் பால்கனில ஒரு டிரம்ம கவுத்து வைப்பீங்க. கீழ் வீட்டுக்காரி போலீசக் கூப்பிடுவா."

பால்கார அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு கணவர். சிரித்து முடித்து, வழக்கு நடத்துபவர்போல் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, பரீட்சை வைக்கிறவங்களே உள்ள போய் பேப்பர்ல எழுதினா அந்தப் பரீட்சை செல்லாது. திரும்பத்தான் வைக்கணும்."

அண்ணி அவரை முறைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி தம்பி. டிக்கெட் தேதிய மாத்தறேன். ஒரு மாசம். ஒரு மாசம் கழிச்சு இதே இடத்துல வந்து உக்காருவேன். அதுவரைக்கும் அதுக்கு என்னா போடணும், எப்போ போடணும்னு நான்தான் சொல்லுவேன். இப்போ முதல்ல பட்டினி."

"கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி ஊத்தினா வயிறு சரியாயிடும்," என்றார் அண்ணன்.

"நான் சொல்லும்போது ஊத்துங்க."

அண்ணன் தலையாட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஆனால் சந்தோஷம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "இந்தப் பால் வீணாத்தானே போவப் போவுது, மாப்பிள்ளைக்கு ஒரு வாய்..." என்று பாத்திரத்தைத் தொட்டார். நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். பாத்திரத்தைப் பிடுங்கி சிலிண்டர் அடுப்பில் வைத்துக் காபி போட்டேன். அண்ணி ஒரு டம்ளர் குடித்தார். "இது கணக்குல சேராது," என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

அன்று படுக்கும்போது யோசித்தேன். பட்டினி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் எங்களில் ஒருவரையும் நம்ப முடியாது. அண்ணனுக்கு மாம்பழம் கிடைக்கும். கணவர் உப்புமாவைக் கொண்டு போவார். பால்கார அம்மாவுக்கு இரக்கம் வரும். நானே கூட, காலையில் தனியாக அங்கே போய் நின்றால், ஒரு கரண்டிதானே என்று நினைப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக, ஊட்டும் குழாயின் வாயில் ஓர் எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து, கணவரின் சைக்கிள் சங்கிலியை அதன் மேல் இறுக்கிச் சுற்றிப் பூட்டினேன். அண்ணி வீட்டுக்கு நடந்து போய்ச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். அன்று வாசல் தெளித்தது அதற்குப் பிறகுதான்.